துளை போடாத டிஸ்க்

மனைவியின் நோயாளி எண்ணை அவன் எந்தக் காகிதத்தையும் பார்க்காமலே தட்டினான். ஏழு இலக்கம். திரை ஒரு கணம் தாமதித்து, "இந்த எண்ணில் படங்கள் இல்லை" என்றது.

விரல் தவறியிருக்கும் என்று மறுபடி தட்டினான். மறுபடியும் அதே பதில்.

மேசைக்கு எதிரே மச்சான் உட்கார்ந்திருந்தார். அவளுடைய அண்ணன். லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ், சட்டைப் பையில் டெஸ்டர், கையில் ஒரு கடிதம். வெளி மருத்துவமனையில் இருக்கும் ஒரு நிபுணர் எழுதியது. நோயாளியின் முதல் ஸ்கேன் படங்களைப் பார்க்காமல் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று அதில் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை புகார்க் குழு கூடுகிறது. அதற்குள் படம் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். இன்று செவ்வாய்.

முதல் ஸ்கேனின் ரிப்போர்ட் மட்டும் அவர்களிடம் இருந்தது. கவலைப்படும்படி எதுவும் இல்லை என்று ஒரு வரி, கீழே இரண்டு டாக்டர்களின் கையெழுத்து. அந்த வரியை நம்பி வீட்டுக்குப் போனவள் பதினோரு மாதத்தில் இல்லாமல் போனாள். அவள் போய் எட்டு மாதம் ஆகிறது. கட்டி அன்றைக்கே படத்தில் இருந்ததா, இல்லையா? மச்சானுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். அவனுக்கும் அதுதான் தெரிய வேண்டியிருந்தது. வாய்விட்டுக் கேட்கத்தான் முடியவில்லை. எட்டு மாதமாக அவன் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. வேலைக்கு வந்தான், வீட்டுக்குப் போனான், அவ்வளவுதான்.

வேலை என்பதும் அவளுக்கு அந்த ஸ்கேன் எடுத்த இதே சென்டரில்தான். இங்கே எடுக்கப்படும் ஒவ்வொரு படமும் அவன் பொறுப்பு. மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஒரு அறை. பீரோ உயரத்துக்கு ஒரு சர்வர். அதில் பன்னிரண்டு டிஸ்க், ஆறு ஜோடி. ஒரு ஜோடியில் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே படங்கள்தான் இருக்கும். ஒன்று படுத்தாலும் இன்னொன்று வேலையைப் பார்க்கும். அறையே எரிந்துபோனாலும் கவலையில்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில் இதேபோல இன்னொரு சர்வர் ஓடுகிறது. இங்கே நடப்பதெல்லாம் ஒரு மணி நேரத்துக்குள் அங்கேயும் நடந்துவிடும். அதற்கும் மேலே, வாரம் ஒருமுறை எல்லாவற்றுக்கும் டேப்பில் ஒரு பிரதி. எதுவும் தொலைந்துபோகாமல் பார்ப்பதுதான் சம்பளம். அதனால் அவனுக்கு "பேக்கப்பு" என்று பேர் விழுந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரருக்கும் ஒரு பேக்கப்பு எடுத்து வையேன், மனுஷன் எப்ப மக்கர் பண்ணுவார்னே தெரியல" என்று ரிசப்ஷன் அக்கா வாரத்துக்கு ஒரு தடவையாவது கலாய்ப்பாள். எட்டு மாதமாக அந்த ஜோக்கை அவள் சொல்வதில்லை.

"என்ன மாப்பிள்ளை, மூஞ்சியே மாறிடுச்சு?" என்றார் மச்சான்.

"படம் இல்ல மச்சான்."

"இல்லன்னா?"

"இல்ல. அவ நம்பர்ல ஒண்ணுமே இல்ல."

"எதிர் பில்டிங்ல?"

அங்கேயும் பார்த்தான். இல்லை. டேப் அலமாரியைத் திறந்தான். எட்டு டேப். எட்டு வாரம் முடிந்ததும் பழைய டேப்பின் மேலேயே புதிதாக எழுதிவிடுவார்கள். எட்டையும் ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. மச்சான் நகரவில்லை. எட்டிலும் இல்லை.

"மூணு இடத்துல இருக்கும், தொலையவே தொலையாதுன்னு நீதானே சொன்ன?" என்றார் மச்சான். "உங்க கல்யாண வீடியோவை அந்த வீடியோக்காரன் தொலைச்சான்னு எனக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்தியே, ஞாபகம் இருக்கா? அவன் முட்டாள், ஒரே ஒரு காப்பிதான் வச்சிருந்தான்னு."

அவன் டேப்புகளை ஒவ்வொன்றாக அலமாரியில் திருப்பி அடுக்கினான்.

"லிஃப்டுக்கு அஞ்சு கயிறு போடுவோம் மாப்பிள்ளை. ஒண்ணே தாங்கும், ஆனாலும் அஞ்சு. ஒரு கயிறு தேயும். ரெண்டு தேயும். அஞ்சும் ஒரே நாள்ல அறுந்து கிடந்தா அதுக்குப் பேர் தேய்மானம் இல்ல. எவனோ கட்டர் வச்சிருக்கான்."

"பார்க்கிறேன் மச்சான்."

"பத்து வாரத்துக்கு முன்னாடி நான் அந்தப் பெரிய டாக்டர் ரூம்ல போய்க் கத்தினேன்ல? புகார் குடுக்கப் போறேன்னு அப்பத்தானே சொன்னேன்? அதையும் சேர்த்துப் பாரு."

அவர் கிளம்பிப் போனதும் அவன் அழிப்புப் பதிவைத் திறந்தான். எதை, யார், எப்போது நீக்கினார்கள் என்று சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவு அது. அதில் யாரும் கை வைக்க முடியாது. அவளுடைய எண்ணைத் தேடினான். இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு படங்கள், ஒன்பது வாரத்துக்கு முந்தைய திங்கட்கிழமை, காலை ஒன்பது பத்துக்கு நீக்கப்பட்டவை.

ஒன்பது வாரம். மச்சான் கத்திவிட்டுப் போய் ஒரு வாரம் கழித்து. டேப்பின் எட்டு வாரம் தாண்டி ஒரு வாரம். ஒரு வாரம் முன்னால் தேடியிருந்தால் கடைசி டேப்பில் கிடைத்திருக்கும். யாரோ விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் செய்தது போலிருந்தது.

நீக்கியவர் பெயர் இருந்த கட்டத்தை அவன் கடைசியில்தான் பார்த்தான். அதில் அவன் பெயர் இருந்தது.

அந்தப் பதிவை மூடினான். அறையில் ஏ.சி.யின் இரைச்சல் மட்டும். அவனுடைய கடவுச்சொல்லை எடுத்து யாரோ வேலை பார்த்திருக்கிறார்கள். நல்லவேளை, மச்சான் போன பிறகு திறந்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. அப்படித் தோன்றியது அவனுக்கே பிடிக்கவில்லை.

சாயங்காலம் பெரிய டாக்டர் தானாகவே மாடி ஏறி வந்தார். ரிப்போர்ட்டில் முதல் கையெழுத்து அவருடையது. இந்த நாலு வருஷத்தில் அவர் இந்த அறைக்கு வந்தது இது மூன்றாவது தடவையாக இருக்கலாம்.

"உங்க மச்சான் வந்திருந்தாராமே. கிடைச்சுதா?"

"தேடிட்டிருக்கேன் சார்."

"கிடைக்கணும்," என்றார் அவர். சர்வரில் மினுக்கும் பச்சை விளக்குகளைப் பார்த்தபடியே நின்றார். "கிடைச்சா எனக்கும் ஒரு தடவை காட்டுங்க."

"எதுக்கு சார்?"

கேட்ட பிறகுதான் குரல் கடுத்துவிட்டது தெரிந்தது. டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்தார். "பார்க்கணும்," என்றார். அவ்வளவுதான். போய்விட்டார்.

அவள் இறந்த மாதத்தில் இந்த மனிதர்தான் அவனுக்கு முழுச் சம்பளத்தோடு விடுப்பு எழுதிக் கொடுத்தார். முதுகுவலி என்று யாரோ சொல்லக் கேட்டு நல்ல நாற்காலி ஒன்றும் வாங்கிப் போட்டார். அன்றைக்கு அதை நல்ல மனசு என்று நினைத்திருந்தான். இன்றைக்கு அதே நாற்காலியில் உட்கார்ந்து, இவர் எதற்கு இவ்வளவு செய்தார் என்று யோசித்தான். நாற்காலி முதுகில் முள்ளாகக் குத்தியது.

கடவுச்சொல்லை அவன் யாரிடமும் சொல்வதில்லை. ஒரே ஒரு தடவை சொன்னான். புதன்கிழமை காலை, கூட்டம் சேர்வதற்கு முன், ரிசப்ஷனில் போய் நின்றான்.

"அக்கா, ஒண்ணு கேட்கணும். நான் லீவுல இருந்தப்ப போன்ல என் பாஸ்வேர்டு சொன்னேன்ல. அதை யார்கிட்டயாவது குடுத்தீங்களா?"

அக்கா டோக்கன் சீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"என்ன கேள்வி இது?"

"கேட்கிறேன்."

"விசாரணை பண்றே. நான் என்ன திருடியா? அந்த வார்த்தையை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி, வேலை முடிஞ்சதும் கிழிச்சு டீ கப்புல போட்டவ நான். நீயே அடுத்த வாரம் வந்து மாத்திட்டியே."

மாற்றியது உண்மைதான். அவனுக்கே இப்போதுதான் நினைவு வந்தது.

"அப்படியும் சந்தேகம்னா சொல்லு, ஹேண்ட்பேக்கைக் கவுத்துக் காட்டறேன். பாதி மாத்திரை, ஒரு சீப்பு, பேரன் போட்ட ஸ்டிக்கர். ஆதாரம் ஏதாவது ஆகுமா பாரு."

"கோபப்படாதீங்க அக்கா. அன்னைக்கு என்ன வேலைக்காக பாஸ்வேர்டு சொன்னேன், எனக்கு சரியா ஞாபகம் இல்ல."

அக்கா அவனை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் எங்கேயோ போய்விட்டது. குரலைத் தாழ்த்தினாள்.

"மெசேஜ் வந்துட்டே இருக்குன்னு சொன்ன. 'உங்கள் மறு பரிசோதனைக்கு நேரமாகிவிட்டது'ன்னு. அவ போய் ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். தினமும் காலையில உன் போனுக்கு வருதுன்னு சொன்ன. நிறுத்தணும்னா பதிவுல நிலையை மாத்தணும்னு நீயே வழி சொன்ன, நான் மாத்தினேன். இறந்தவர்னு போட்டேன். போதுமா?"

"அது மட்டும்தானா?"

"அது மட்டும்தான்டா தம்பி."

அவன் மாடிப்படியில் பாதியில் நின்றான். மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. யாரோ ஒரு நோயாளி வழி கேட்டார். எந்தப் பக்கம் கை காட்டினான் என்று அவனுக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன் டிஸ்க்குகள் நிரம்பி வழிந்தபோது ஒரு சிறிய கம்ப்யூட்டர் நிரல் எழுதியிருந்தான். சென்டரின் விதிப்படி, இறந்தவர்களின் ரிப்போர்ட்டை எப்போதும் வைத்திருக்க வேண்டும். படங்களை ஆறு மாதம் வைத்திருந்தால் போதும். மாதா மாதம் அந்த நிரல் ஒரு பட்டியல் எடுக்கும். இறந்தவர் என்று குறித்து ஆறு மாதம் தாண்டிய எண்களின் பட்டியல். பெயர்கள் கிடையாது, எண்கள் மட்டும். தவறு நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக இரண்டு பேர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே நீக்கம் நடக்க வேண்டும் என்றும் அவனே வைத்திருந்தான். ஒருவர் விட்டால் இன்னொருவர் பிடிப்பார். ஒருவர் அவன். இன்னொருவர் பெரிய டாக்டர். நிரல் ஓடுவது அவன் பெயரில்.

அந்தத் திங்கட்கிழமையின் ஒப்புதல் பக்கத்தை எடுத்தான். நானூற்றுப் பன்னிரண்டு எண்கள். அவளுடையது இருநூற்று ஏழாவது வரியில். பக்கத்தைத் திறந்ததும் மூடியதும் நொடி வரை பதிவாகியிருந்தது. அவன் ஆறு நொடி பார்த்து ஒப்புதல் கொடுத்திருந்தான். டாக்டர், நாலு நொடி.

நானூற்றுப் பன்னிரண்டு எண்களை ஆறு நொடியில் யாரும் படிக்க முடியாது. அவன் படிக்கவில்லை. டாக்டர் பார்ப்பார் என்று விட்டிருந்தான். சர்வர் ஆள் பார்த்துவிட்டானே என்று அவர் விட்டிருப்பார். ஏழு இலக்கத்தையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவன், எண்ணைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு அழிக்கச் சொல்லியிருக்கிறான். அதன் பிறகு எல்லாம் முறைப்படி நடந்திருந்தது. ஜோடியில் ஒரு டிஸ்க் அழித்தது, மற்றதும் அழித்தது. ஒரு மணி நேரத்தில் எதிர்க் கட்டடமும் அழித்தது. எட்டு வாரத்தில் டேப்பும் தன் பங்கை முடித்தது. இயந்திரம் பழுதானால் தாங்கும்படி கட்டியிருந்தான். உத்தரவே பிசகினால் தாங்க அதில் வழி எதுவும் இல்லை. சொன்னதைச் சொன்னபடி எல்லா இடத்திலும் செய்தது.

சந்தேகம் என்பது ஒரு வகையில் வசதியானது. நேற்று முழுக்க அவனிடம் அது இருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக உடம்பில் சூடு இருந்தது. இப்போது அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மச்சானிடம் இருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. மறுபடி வந்தது. எடுத்தான்.

"எவன்னு தெரிஞ்சுதா?"

"இன்னும் பார்த்துட்டிருக்கேன் மச்சான்."

பொய் சொல்வது அவ்வளவு சுலபமாக வந்தது.

அழித்த நாளுக்குப் பிந்தையதைத் தேடிப் பயனில்லை. அதற்கு முன்னால் இந்தச் சங்கிலியிலிருந்து கழன்றுபோனது ஏதாவது உண்டா என்று பார்க்க வேண்டும். உத்தரவு போய்ச் சேராத பிரதி ஏதாவது. பராமரிப்புப் பதிவைப் புரட்டினான். எட்டு மாதத்துக்கு முன், அவன் விடுப்பில் இருந்த வாரம், நான்காவது ஜோடியில் ஒரு டிஸ்க் பழுதாகி மாற்றப்பட்டிருந்தது. அவளுடைய படங்கள் இருந்த ஜோடி அதுதான். புது டிஸ்க்கைச் செருகியது பராமரிப்புக் கம்பெனியின் டெக்னீஷியன். பழைய டிஸ்க் எங்கே என்ற கட்டம் காலியாக இருந்தது.

காலியான கட்டத்தைப் பார்த்ததும் பழைய சூடு மறுபடி ஏறியது. டெக்னீஷியனுக்குப் போன் போட்டான்.

"அந்த டிஸ்க்கை எங்க கொண்டு போனீங்க?"

"எந்த டிஸ்க் சார்?"

"எட்டு மாசம் முன்னாடி. நாலாவது ஜோடி. கட்டம் ஏன் காலியா இருக்கு? யார் கேட்டாங்கன்னு குடுத்தீங்க?"

"சார், சார், மெதுவா. நான் கொண்டு போனா என் வேலை போயிடும் சார். நோயாளி படம் இருக்கிற டிஸ்க் வாசலைத் தாண்டக் கூடாது, யாரும் படிக்க முடியாதபடி துளை போட்டுத்தான் தூக்கிப் போடணும்னு நீங்கதானே எங்களுக்கெல்லாம் கிளாஸ் எடுத்தீங்க? நீங்க இல்ல. டிரில் உங்க லாக்கர்ல. அதனால உங்க மேஜைக்கு அடியில அட்டைப் பெட்டியில வச்சேன். சீட்டு கூட ஒட்டியிருக்கேன். இன்னும் துளை போடலையா சார் நீங்க?"

அவன் குனிந்தான். மேசைக்கு அடியில், காலை நீட்டினால் இடிக்கிற தூரத்தில், ஒரு அட்டைப் பெட்டி. தினமும் அதில்தான் காலை வைத்து உட்கார்ந்திருக்கிறான். உள்ளே ஏழு டிஸ்க். எட்டு மாதமாகக் கழற்றிய எல்லாம். மாதத்துக்கு ஒருமுறை துளை போட்டுக் கணக்கு ஒப்படைக்க வேண்டியது அவன். ஒன்றுக்குக்கூடப் போடவில்லை. அந்த எட்டு மாதத்தில் அவன் செய்யாமல் விட்ட வேலைகள் எத்தனையோ, அதில் இதுவும் ஒன்று. எல்லாவற்றுக்கும் அடியில் இருந்ததில் டெக்னீஷியனின் கோழிக்கிறுக்கலில் ஒரு சீட்டு: தேதி, ஜோடி எண், "பழுது".

"வச்சிடறேன் சார். அடுத்த தடவை மரியாதையா திட்டுங்க," என்றது போன்.

வியாழக்கிழமை காலை மச்சானை வரச் சொன்னான். தனியாகச் செய்தால் நாளைக்கு அவர் எதையும் நம்ப மாட்டார் என்று நினைத்தான். நம்பாமலிருக்க அவருக்குக் காரணம் இருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத்தான் தெரியாது.

டிஸ்க்கை ஒரு தனிக் கம்ப்யூட்டரில், எதுவும் எழுத முடியாதபடி பூட்டி, படிக்க மட்டும் இணைத்தான். சுழன்றது. டிக், டிக் என்றது. நின்றது. மறுபடி சுழன்றது.

மச்சான் காதைக் கிட்டே கொண்டுபோனார். "பேரிங் போற சத்தம் மாதிரி இருக்கு. ரொம்ப நேரம் ஓடாது. சூடாகுது பாரு."

"சூடானா படிக்காது."

மச்சான் சுற்றுமுற்றும் பார்த்தார். அலமாரிக்கு மேலே இருந்த ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து விசிற ஆரம்பித்தார். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விசிறுவதுபோல, பொறுமையாக, ஒரே சீராக. நாலு மணி நேரம் கை மாற்றி மாற்றி விசிறினார். ஒரு படம் பத்து நொடியில் வந்தது. அடுத்தது பத்து நிமிஷம் எடுத்தது. ஒவ்வொன்று வரும்போதும் மச்சான் எண்ணைச் சத்தமாகச் சொன்னார். நூற்றுப் பன்னிரண்டில் நூற்று ஒன்பது வந்தன. மூன்று வரவேயில்லை. பிறகு டிஸ்க் ஒரு நீண்ட கிறீச்சோடு நின்றது. மறுபடி சுழலவில்லை.

"போச்சா?"

"போச்சு. ஆனா வந்தது வந்துடுச்சு."

படங்களோடு ஒரு சிறு குறிப்பும் வந்திருந்தது. எந்த ஸ்கேனை யார் எப்போது திறந்து பார்த்தார்கள் என்பது படத்தின் கூடவே சேர்ந்து பதிவாகும். பெரிய டாக்டர் அன்று அதை நாற்பது நொடி திறந்து வைத்திருந்தார். நூற்றுப் பன்னிரண்டு படத்துக்கு நாற்பது நொடி. இரண்டாவது கையெழுத்துப் போட்ட டாக்டரம்மாவின் பெயர் அந்தக் குறிப்பில் இல்லவே இல்லை. அவர் திறக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

மச்சான் அதை இரண்டு முறை படித்தார். "திறக்கவே இல்லையா? திறக்காம எப்படி மாப்பிள்ளை கையெழுத்துப் போடுவாங்க?"

"முதல் ஆள் பார்த்துட்டார்னு போடுவாங்க."

"அவர்?"

"ரெண்டாவது ஆள் பார்ப்பாங்கன்னு வேகமா பார்ப்பார்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். "தெரியும்," என்றான்.

அன்று மாலையே நிபுணரிடம் போனார்கள். அந்த அம்மா படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திப் பார்த்தார். பார்த்த வேகத்தை அவன் மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருந்தான். அறுபத்தோராவது படத்தில் நின்றார். பின்னால் போனார், முன்னால் வந்தார். பேனா மூடியைத் திரையில் வைத்தார்.

"இங்க."

ஒரு மிளகு அளவு சாம்பல் நிறம். சொன்ன பிறகு பார்த்தால் அது மட்டும்தான் தெரிந்தது.

"இதைப் பார்த்திருக்க முடியுமா டாக்டர்?" என்று கேட்டார் மச்சான்.

"தேடிப் பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் எழுதித் தரேன்."

மச்சான் வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. "என் தங்கச்சியைக் கொன்னுட்டாங்க மாப்பிள்ளை," என்றார், சாதாரணமாகப் பேசுகிற குரலில். அவனும் பக்கத்தில் நின்றான். அந்த மிளகை அவன் கண் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. அழுகை வரும் என்று நினைத்தான். வரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கே இருவரும் புகார்க் குழு அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பத்து மணிக்குக் கூப்பிடுவார்கள். மச்சான் இரவு உட்கார்ந்து எழுதிய புகாரை அவனிடம் நீட்டினார். மூன்று பக்கம். தெளிவான கையெழுத்து. கட்டி படத்தில் இருந்தது. முதல் டாக்டர் நாற்பது நொடி. இரண்டாவது டாக்டர் திறக்கவில்லை. எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாம் பக்கத்தில்: "உண்மை வெளிவந்துவிடும் என்று பயந்து, பெரிய டாக்டர் எல்லாப் பிரதிகளையும் திட்டமிட்டு அழித்துவிட்டார்."

அவன் அந்த வரியில் நின்றான். அதை அப்படியே விட்டால் போதும். யாரும் அவனைக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கடவுச்சொல் திருட்டு என்று சொல்லலாம். டாக்டருக்கு அந்தத் தண்டனையும் சேரட்டும் என்று அவனுக்குள் ஒரு குரல் சொன்னது. அந்தக் குரலைப் பற்றி அவனுக்குப் பெரிய வருத்தமும் இல்லை. ஆனால் ஒப்புதல் பக்கத்தில் ஆறு நொடி என்று எழுதியிருந்தது.

"பேனா குடுங்க மச்சான்."

"எழுத்துப் பிழையா?"

"இந்த வரி தப்பு. அழிச்சது அவர் மட்டும் இல்ல. நானும்தான்."

மச்சான் சிரிக்கப் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

அவன் சொன்னான். மெசேஜ், அக்கா, நிரல், பட்டியல், ஆறு நொடி, நாலு நொடி. ஐந்து நிமிஷத்தில் சொல்லி முடித்துவிட்டான், அவ்வளவுதான் இருந்தது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"புதன்கிழமை."

"நேத்து நான் விசிறினப்ப தெரியும்."

"தெரியும்."

"போன்ல கேட்டேன். இன்னும் பார்க்கிறேன்னு சொன்ன."

"ஆமா."

மச்சான் எழுந்து இரண்டு அடி நடந்தார். திரும்பி வந்தார். "என்ன ஆளுய்யா நீ," என்றார். திட்டுவது போலவும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பது போல இருந்தது. "உன் பொண்டாட்டி நம்பர். அது கண்ணுல படல?"

"பார்க்கவே இல்ல மச்சான். பார்த்தா படும்."

"இதைச் சொன்னா உன் வேலை?"

"போகும்."

"கேஸு?"

"படம் நிக்கும். அதுல இருக்கிற குறிப்பும் நிக்கும். இந்த ஒரு வரி பொய்னு அவங்க கண்டுபிடிச்சா மீதி மூணு பக்கமும் நிக்காது."

மச்சான் பேனாவைக் கொடுத்தார். அவன் அந்த வரியை அடித்துவிட்டு, அதே இடத்தில் தன் பேரையும் டாக்டரின் பேரையும், நாளையும், இரண்டு பேரின் நொடிகளையும் எழுதினான். கீழே கையெழுத்துப் போட்டான். மச்சான் காகிதத்தை வாங்கி, அவன் எழுதியதை வரி வரியாக, விரல் வைத்துப் படித்தார். பிறகு முதல் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் மறுபடி ஆரம்பத்திலிருந்து படித்தார்.

கதவு திறந்தது. குமாஸ்தா அவளுடைய எண்ணை வாசித்தார்.

பெஞ்சில் டிஸ்க்கும், படங்களை ஏற்றிய பென் டிரைவும் ஒரு துணிப்பையில் இருந்தன. வழக்கம்போல அவன் கையை நீட்டினான். அதற்குள் மச்சானின் கை அதன்மேல் விழுந்தது.

"இது என்கிட்டயே இருக்கட்டும்," என்றார்.

அவர் அவனைப் பார்க்கவில்லை. பையின் வாயைச் சுருட்டி, கைக்கு அடியில் இடுக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அவர் சந்தேகப்படுவது சரிதான் என்று அவனுக்குத் தோன்றியது. வெறுங்கையோடு பின்னால் போனான். அப்போதுதான், அந்த வாசற்படியில், எட்டு மாதமாக வராதது வந்தது. துடைத்துக்கொள்ளாமலே உள்ளே நுழைந்தான்.